மூடிய சீட்டும் மணப்பேச்சும்

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கணினித் தொழில் செய்துவரும் என் தங்கை மகன், சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் எனக்கு நீண்டதொரு மடல் எழுதியிருந்தான். இக்காலத்துப் பிள்ளைகள் மடல் எழுதுவதில்லை என்று குறைப்படுவோர் பலர். இவன் எழுதினான், அதுவும் தமிழில் எழுதினான் என்பதாலேயே, தொலைபேசியில் சொல்ல நாவெழாத ஏதோ ஒரு செய்தி என்பது உறையைப் பிரிக்குமுன்பே எனக்குத் தோன்றிவிட்டது.

அவனுக்கு இடது காது கேளாது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது போன செவி அது. வலது காது தெளிவாகக் கேட்பதால் அவனோடு பழகுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குறை தெரியாது. அங்குள்ள பள்ளிவாசலில் அறிமுகமான ஒரு குடும்பத்தாரின் வழியே, ஹைதராபாத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு பெண்ணை அவனுக்குப் பேசியிருக்கிறார்கள். இரு வீட்டாரும் அறிய, பெண்ணின் தமையன் உடனிருக்க, மூன்று முறை சந்தித்து உரையாடியிருக்கிறான். மூன்று முறையும் அவள் தன் வலப்பக்கம் அமரும்படி இருக்கையைத் தேர்ந்துகொண்டிருக்கிறான். காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவனோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் ‘போக்கர்’ என்னும் சீட்டாட்டத்தில் தேர்ந்தவராம். ஆணும் பெண்ணும் மணத்துக்கு முன் சந்தித்துப் பழகும் ‘டேட்டிங்’ என்னும் மேல்நாட்டு வழக்கம் முழுவதுமே போக்கர்தான் என்பது அவருடைய கொள்கை. கையிலிருக்கும் பலவீனமான சீட்டை எவனாவது நடுமேசையில் திறந்து வைப்பானா? மறுபக்கத்தார் பந்தயத்தில் நிறையப் பணத்தை இறக்கிய பின், இனி எழுந்துபோக மனம் வராத கட்டத்தில், காட்டிக்கொள் என்று அவர் சொல்லியிருக்கிறார். மருமகன் மடலின் இறுதியில் கேட்டிருந்தது இதுதான்: “மாமா, நான் பொய் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பதும் ஏமாற்றுதானா?”

சூதாட்டம் விலக்கப்பட்டது, அதன் உவமையும் நமக்கு வேண்டா என்று இரண்டு வரியில் விடையெழுதி நான் என் கடமையை முடித்திருக்கலாம். ஆனால் அவன் சூதாடலாமா என்று கேட்கவில்லை. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டறியாத நான், அந்த ஆட்டத்தின் விதிகளைப் பேரனின் கணினியில் நான்கு நாள் படித்தேன். வீட்டிலுள்ளோர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இன்று பெருவழக்காயுள்ள போக்கர் ‘டெக்ஸாஸ் ஹோல்டம்’ எனப்படுவது. ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். அவற்றை அவரவரே பார்க்கலாம். பின்னர் நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். கடைசிச் சீட்டுக்கு ‘ரிவர்’, அதாவது ஆறு, என்று பெயர். நடுச்சீட்டுகள் வருமுன் ஒரு முறையும், அவை திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒரு முறையுமாக நான்கு சுற்றுப் பந்தயம் நடக்கும். வேண்டாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். லாஸ் வேகாஸ் நகரில் 1970-ல் தொடங்கிய உலகப் போக்கர் போட்டியில், 2003-ஆம் ஆண்டு, சிறு தொகை கட்டி இணையவழியே நுழைந்த கணக்கர் ஒருவர் 25 லட்சம் டாலர் வென்றார். அதன்பின் அந்த ஆட்டத்தின் மொழி உலகெங்கும் இளைஞர் நாவில் ஏறிக்கொண்டது.

அன்பைத் தந்திரமாகக் கற்பிக்கும் ஏடுகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. 1995-ல் இரு பெண்மணிகள் ‘விதிகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார்கள். ஆடவனைத் தாமாகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, அவன் அழைத்தாலும் அரிதாகவே திருப்பி அழைக்க வேண்டும் என்பன அதில் பெண்களுக்குக் கூறப்பட்ட விதிகளுள் சில. ஆண்களுக்கான தந்திரங்களைச் சொல்லும் ‘ஆட்டம்’ என்ற நூலை நீல் ஸ்ட்ராஸ் 2005-ல் வெளியிட்டார். அதே ஆசிரியர் பத்தாண்டு கழித்து 2015-ல் வெளியிட்ட நூலுக்கு ‘உண்மை’ என்று பெயர். ஒருத்தியிடம் உண்மையாக நிலைத்திருக்க இயலாமல் தாம் பட்ட பாட்டை அதில் அவர் எழுதினார். ஆட்டத்திலிருந்து உண்மைக்கு வந்துசேர அவருக்குப் பத்தாண்டு பிடித்தது.

உவமை முழுவதும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தேர்ந்த ஆட்டக்காரன் பெரும்பாலான சீட்டுகளை ஆடாமலே கவிழ்த்துவிடுகிறான். இரண்டு ‘ஏஸ்’ ஒருங்கே கைக்கு வருவது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறைதான் என்பது அவனுக்குத் தெரியும். ஆகையால் பொறுத்திருக்கிறான். இழந்த பணத்தை மீட்கிறேன் என்று மேலும் பணத்தைக் கொட்டுகிறவனே அங்கே முதலில் ஓட்டாண்டியாகிறான். பொருந்தாதென்று தெரிந்த பின்னும் “இரண்டு வருஷம் பேசியாகிவிட்டதே, மண்டபம் பிடித்தாகிவிட்டதே” என்பதற்காகவே மணத்தை முடித்துவைக்கும் குடும்பங்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! இன்னொன்றும் உண்டு. நன்றாக யோசித்து ஆடியும் தோற்கலாம், தவறாக ஆடியும் வெல்லலாம், எனவே முடிவைக் கொண்டு ஆட்டத்தை எடைபோடாதே என்பது போக்கர்காரர்களின் பாடம். இந்த ஒரு பாடத்துக்காக நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நண்பர் பெரிதும் போற்றும் கலை ‘பிளஃப்’ என்பது. இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டிப் பந்தயத்தை உயர்த்தி, எதிரியை அஞ்சி விலகச் செய்வது அது. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928-லேயே இத்தகைய ஆட்டங்களுக்குக் கணிதம் வகுத்தார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்பாருடன் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கினார். அவர் கண்ட முடிவு விந்தையானது. மிக நல்ல சீட்டு வைத்திருப்பவன் துணிந்து பந்தயம் கட்ட வேண்டும். மிக மோசமான சீட்டு வைத்திருப்பவனும் சில வேளை அவ்வாறே கட்ட வேண்டும். நடுத்தரச் சீட்டு வைத்திருப்பவனுக்கு அடக்கமே நன்று. அதாவது பொய்வேடம் நடுத்தரத்தானுக்குப் பயன்படுவதில்லை, இழப்பதற்கு ஏதுமற்றவனுக்கே பயன்படுகிறது. நம்மில் பெரும்பாலோர், காது கேளாத என் மருமகன் உட்பட, நடுத்தரச் சீட்டுக்காரர்களே என்பதை நண்பர் மறந்துவிட்டார் போலும்.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. அது பிளஃப்பும் செய்தது. முகமும் இதயமும் இல்லாத ஒன்று அத்தனை நேர்த்தியாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தை, இதயத்தைத் தேடிப் புறப்பட்டவனுக்கு வழிகாட்டியாகச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

ஆட்டத்தின் விதிகளுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மற்ற எல்லாரும் விலகிவிட்டால், எஞ்சியவன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கவிழ்த்த சீட்டுகள் கட்டோடு கலந்துவிடும். அவன் கையில் இருந்தது என்னவென்று எவருக்கும் என்றும் தெரியாது. பிளஃப் என்பது உயிர்வாழ்வதே இந்த ஒரு விதியால்தான். மணத்தில் இவ்விதி கிடையாது. வென்ற பின்னரே அங்கே சீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருமுறை அன்று, காலைத் தேநீரின்போதும், பிள்ளை நடு இரவில் அழும்போதும், பணமுடை வந்தபோதும், முப்பது நாற்பது ஆண்டுகள் காட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். இடப்பக்கம் படுத்திருக்கும் மனைவி மெல்லிய குரலில் எதையோ சொல்ல, அவன் மறுமொழி கூறாதிருப்பானே, அந்த முதல் இரவிலேயே சீட்டு திறந்துவிடுமே!

அடுத்து, போக்கர் மேசையில் அமர்ந்த அனைவரும் ஏமாற்றப்பட ஒப்புக்கொண்டே அமர்ந்திருக்கிறார்கள். அங்கே பிளஃப் செய்தவனை எவரும் பொய்யன் என்பதில்லை. ஒருவன் வென்ற பணம் அத்தனையும் மற்றவர் இழந்த பணம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஹைதராபாத்துப் பெண் எந்த மேசையில் அமர ஒப்புக்கொண்டாள்? அவள் இழந்து இவன் வெல்வதற்கு அங்கே என்ன பணம் குவிந்திருக்கிறது? 1938-ல் வில்லார்டு வாலர் என்னும் அமெரிக்கச் சமூகவியலார், காதலுறவில் எவருக்கு அக்கறை குறைவோ அவர் கையிலேயே ஆட்சி இருக்கும் என்று எழுதினார். கண்டதைத்தான் எழுதினார், மறுப்பதற்கில்லை. திருப்பி அழைக்காதே என்ற விதியெல்லாம் இந்த ஆட்சியைப் பிடிக்கும் வழிகள்தாம். ஆனால் குறைவாக நேசிப்பதால் கிடைக்கும் ஆட்சியைக் கொண்டு ஒரு வீட்டில் என்ன செய்வது?

கணிதத்தின் பெயரால் பேசும் நண்பருக்குக் கணிதத்திலேயே வேறொரு செய்தியும் உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி என்னும் இருவர் 1962-ல் ஆடவரையும் பெண்டிரையும் இணைசேர்க்கும் முறையொன்றை வகுத்தனர். ஒரு தரப்பார் தம் விருப்ப வரிசைப்படி கேட்டுக்கொண்டே போகவேண்டும். மறுதரப்பார் வந்தவற்றுள் சிறந்ததைக் கைவசம் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுக்கவேண்டும். இம்முறையில் கேட்கும் தரப்பார் தம் உண்மை விருப்பத்தை மறைப்பதால் ஓர் ஆதாயமும் இல்லை என்று பின்வந்தோர் நிறுவினர். கேட்கப்படும் தரப்பாருக்குச் சில வேளை ஆதாயம் உண்டென்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஷாப்ளிக்கு 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மணத்தை ஆராய்ந்த கணிதம் எல்லாம் போக்கரிலேயே முடிந்துவிடவில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னும் என் மருமகனுக்கு விடை சொல்ல எனக்குத் தகுதி போதவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1984-ல் அவனுடைய உம்மாவை, என் தங்கையை, பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் கடலோரச் சிற்றூரில் மாப்பிள்ளை வருவதில்லை, மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளுமே வருவார்கள். தங்கைக்குப் பத்து வயது முதல் கிட்டப்பார்வை. தடித்த மூக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரிலிருப்பவர் முகம் தெரியாது. கண்ணாடி போட்ட பெண்ணுக்குக் கைக்கூலி கூடும் என்று தரகர் சொன்னார். எங்கள் வாப்பா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டுப் பொறுப்பு என்னுடையது. நான்தான் அவள் கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் சர்பத் தட்டை ஏந்தி வந்தாள். நிலைப்படி கண்ணுக்குப் புலப்படாமல் தடுமாறி, இரண்டு குவளையைப் பாயில் கொட்டிவிட்டாள். வந்தவர்கள் முகம் மலர்ந்தது. எத்தனை நாணமுள்ள பிள்ளை என்று மகிழ்ந்து அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

எதிரியின் உடற்குறிகளைப் படித்துச் சீட்டை ஊகிப்பதை ஒரு பெரிய கலையாகப் போக்கர் நூல்கள் பேசுவதைக் கண்டபோது, எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வந்தது.

மச்சான் நல்லவர். நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் அவள் கடிகாரத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோனதைப் பார்த்துக் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. தாமே நகரத்துக்கு அழைத்துச் சென்று புதுக் கண்ணாடி வாங்கித் தந்தார். ஆனால் அன்று முதல் அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. சாவி கிடைக்கவில்லையென்றாலும், மாதச் செலவில் பத்து ரூபாய் கணக்கு இடித்தாலும், அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், சிரித்துக்கொண்டே கேட்பார்: “இன்னும் என்ன மறைச்சு வச்சிருக்கே?” பிள்ளைகள் அதை வீட்டு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். 2016-ல் அவர் மவுத்தாகும் வரை அந்தக் கேள்வி அவ்வீட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தங்கையும் சிரித்தாள். நான் அங்கே இருந்த தடவைகளில் அவள் சிரிப்பை நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொள்வேன்.

மணம் நன்றாக அமைந்தது, ஆகவே நான் செய்தது சரிதான் என்று முப்பது ஆண்டுகள் என்னை நானே தேற்றிவந்தேன். தவறாக ஆடியும் வெல்லலாம் என்ற அந்தப் பாடத்தை இவ்வயதில் படித்தபோதுதான் தேறுதல் கலைந்தது.

இனிக் கேள்விக்கு வருவோம். சொல்லாமலிருப்பதெல்லாம் ஏமாற்று ஆகுமா? ஆகாது என்பதற்கு நம் நூல்களிலேயே சான்றுண்டு. ஒருவர் தம் சகோதரியைப் பெண் கேட்டு வந்தவரிடம் அவளுடைய பழைய ஒழுக்கப் பிழையொன்றைச் சொல்லிவிட, அதைக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள் சொன்னவர்மீதே சினங்கொண்டார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது. முடிந்துபோன பிழையைத் தோண்டுவதற்கு மணப்பேச்சு இடமன்று என்பதே நான் அதிலிருந்து கொள்ளும் பொருள்.

ஆயினும் மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்ட நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்தது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை. நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். அந்த வணிகரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, வாங்குவோரும் கேட்டிருக்கவில்லை என்பதை மருமகன் கவனிக்கட்டும். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டபோது, பெருமானாரிடம் அவர்கள் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் வறியவர் என்பதையும், மற்றவர் தோளிலிருந்து தடி இறங்காதவர் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, உசாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைத்தார்கள் பெருமானார். மணப்பேச்சில் கலந்தாலோசிக்கப்படுபவர் குறையைச் சொல்வது புறங்கூறல் ஆகாது என்று இமாம் நவவி போன்றோர் வகைப்படுத்தியதற்கு இதுவும் ஆதாரம்.

இவ்விரு பக்கத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? நண்பரின் ஆட்டத்தையே அளவுகோலாகக் கொண்டு சொல்வதானால், சீட்டை மூடி வைத்திருப்பது குற்றமன்று. முதல் சந்திப்பில் யாரும் தம் உடல்நலக் குறிப்பை வாசிப்பதில்லை. அந்த மூடிய சீட்டைப் பற்றித் தெரிந்தால் மறுபக்கத்தார் இறக்கியிருக்க மாட்டார் என்று நாம் அஞ்சும் பந்தயத்தை, தெரியாத காரணத்தால் அவர் இறக்கும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. பெண்ணின் உற்றார் ஊர்விட்டு ஊர் வருமுன், வேறு பேச்சுகளை அவர்கள் மறுக்குமுன், அவள் தன் மனத்தை இவன்பால் வைக்குமுன் அது திறக்கப்பட வேண்டும். நண்பர் சொல்லும் நேரம் இதற்கு நேர்மாறானது. எழுந்துபோக மனம் வராத கட்டம் என்று அவரே சொல்லிவிட்டாரே, அந்தக் கட்டத்தில் காட்டுவது காட்டுவதாகாது.

மேலும், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று மருமகன் எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. வாய் சொல்லவில்லை என்பது மெய். மூன்று முறை நாற்காலியைத் தேர்ந்து அமர்ந்தானே, அந்த நாற்காலி சொல்லியிருக்கிறது. நானும் அன்று ஒரு சொல்லும் பேசவில்லை, கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவே.

காட்டினால் இழக்க நேரலாம் என்று நண்பர் சொன்னது உண்மை. அவள் விலகிவிடக்கூடும். சொல்லிவிட்டால் எல்லாம் நலமாக முடியும் என்று அவனுக்கு நான் உறுதி கூற முடியாது, கூறினால் அதுவும் ஒரு பிளஃப்பாகிவிடும். நான்காம் சந்திப்பில் அவளை இடப்பக்கம் அமரச்செய்து, ஏன் என்று அவளுக்குச் சொல்லிவிடு என்று எழுதினேன்.

கண்ணாடிக் கதையையும் எழுத வேண்டியிருந்தது. அவன் தன் வாப்பாவின் வேடிக்கையைக் கேட்டு வளர்ந்தவன், அதன் மூலம் அறியாதவன். ஆனால் அது என் சீட்டு மட்டுமன்று, தங்கையின் சீட்டும்கூட. ஆகையால் மடலை ஒட்டுமுன் அவளைத் தொலைபேசியில் அழைத்து, உன் மகனுக்கு இதை எழுதலாமா என்று கேட்டேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னாள்:

“எழுதுங்க காக்கா. சர்பத்தைக் கொட்டினதையும் சேர்த்து எழுதுங்க. அவங்க நாணம்னு நினைச்சாங்களே, அதையும் எழுதுங்க.”